மலைநாட்டுக் கைநெசவு எதனால் பிழைக்கிறது?

கேள்வி இது: “மலைக்கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் கையால் நெய்துவந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். பயிற்சி மையம் திறக்கிறார்கள், கண்காட்சி நடத்துகிறார்கள், இணையத்தில் விற்றுக் கொடுக்கிறார்கள். இதெல்லாம் போதுமா? போதாதென்றால் வேறு என்னதான் செய்யலாம்?”

போதாது என்பதுதான் என் பதில். ஆனால் ஏன் போதாது என்று சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

ஒரு மலைக்கிராமத்தில் நெசவு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் தறிகளை எண்ணுவதில்லை. அங்கே ஒரு கல்யாணத்துக்கோ இழவு வீட்டுக்கோ வந்திருப்பவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஊர்த்துணியை ஊர்க்காரர்களே உடுத்துகிற வரைக்கும், சுற்றுலாப் பயணி வந்தாலும் வராவிட்டாலும், தறிக்கு வேலை இருக்கும். அந்தப் பழக்கம் போன பிறகு வருகிற உதவிகள் எல்லாம் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றாலும் நெசவு பிழைத்த இடங்கள் உண்டு. அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மலைகளில் மட்டும் இந்த நெசவு ஏன் இவ்வளவு காலம் தங்கியது? பெருமைக்காக யாரும் நெய்யவில்லை. குளிர் அதிகம். ஆடு வீட்டு வாசலிலேயே நிற்கிறது. ஆலைத்துணி வந்துசேர வழியில்லை. பனிக்காலத்தில் வயல் வேலை நின்றுபோய்க் கை சும்மா இருக்கிறது. இவை சேர்ந்த இடத்தில் வீட்டுக்கு வீடு தறி இருந்ததில் ஆச்சரியமில்லை. அப்புறம் சாலை வந்தது. மருந்தும் பள்ளிப் புத்தகமும் அதே சாலையில்தான் வந்தன, ஆலைப் போர்வையும் அதில்தான் வந்தது. ஒரு பெண் பல வாரம் உட்கார்ந்து நெய்ய வேண்டியதை ஒரு மூட்டை உருளைக்கிழங்கு விற்ற காசில் வாங்க முடிந்தபோது அவர் வாங்கினார். நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். “நவீனம் வந்து மரபை அழித்துவிட்டது” என்று ஊருக்கு வெளியே இருந்து புலம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நெசவு ஒரு சுமையாகவும் இருந்தது.

சரி, அழிகிறது என்று நாம் சொல்லும் அந்தப் பொருள் என்ன? இங்கே தறியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

ஆண்டிஸ் மலைகள், குவாத்தமாலாவின் மேட்டுநிலங்கள், நாகாலாந்து, பூட்டான், பிலிப்பைன்ஸின் வடக்கு மலைகள் என்று ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் உள்ள பகுதிகளில் ஏறக்குறைய ஒரே மாதிரியான தறி இருக்கிறது. இடுப்புத்தறி. இதற்கு மரச்சட்டம் கிடையாது. பாவின், அதாவது துணியில் நீளவாக்கில் ஓடும் இழைகளின், ஒரு முனையைத் தூணிலோ மரத்திலோ கட்டுவார்கள். மறுமுனையில் உள்ள கம்பை ஒரு பட்டையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்காருவார்கள். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வளைந்தால் தளரும். மற்றத் தறிகளில் மரச்சட்டமும் உருளையும் செய்கிற வேலையை இதில் நெசவுக்காரரின் முதுகு செய்கிறது. நான் ஒருமுறை கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். கால் மணி நேரத்தில் முதுகு பேச ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் இருந்த பாட்டி என் பாவின் தளர்ச்சியைப் பார்த்துச் சிரித்தார். என்னால் ஒரே அளவில் சாய்ந்திருக்க முடியவில்லை, அது துணியில் அப்படியே தெரிந்தது.

வேலை முடிந்தால் கழற்றிப் பாயைப் போலச் சுருட்டி மூலையில் சாத்திவிடலாம். ஆடு மேய்க்கப் போகிறவர் கையோடு எடுத்துப்போகலாம். ஆனால் அகலம் கை எட்டும் அளவுதான். அதனால் பெரிய துணி வேண்டுமென்றால் தனித்தனியாக நெய்து தைத்துச் சேர்க்க வேண்டும். நாகா சால்வை ஒன்றை விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று துண்டுகள் பக்கம் பக்கமாகத் தைத்திருப்பது தெரியும். ஆண்டிஸில் இன்னொரு நுட்பம் உண்டு. பாவை வெட்டாமலே நான்கு பக்கமும் ஓரம் கட்டி முடிக்கிறார்கள். கத்திரிக்கோல் படாமல் துணி முழுசாகத் தறியிலிருந்து இறங்கும். கடைசி சில அங்குலத்தில் ஊடையை, அதாவது குறுக்கே ஓடும் இழையை, ஊசியால் ஒவ்வொரு வரியாகச் செலுத்த வேண்டியிருக்கும். பொறுமையின் அளவு அங்கேதான் தெரியும்.

பூவேலையின் கணக்கு எங்கே இருக்கிறது? சில மரபுகளில் தாளில் இருக்கிறது. பெரும்பாலான இடுப்புத்தறி மரபுகளில் தாளே கிடையாது. பாவு இழைகளைத் தூக்கும் நூல் கண்ணிகளான விழுதுகளைக் கட்டிய வரிசையில் கொஞ்சம் இருக்கிறது, மீதி விரல்களில் இருக்கிறது. பெருவின் கெச்சுவா மொழி பேசுகிறவர்கள் இந்தப் பூவேலையைப் ‘பல்யாய்’ என்கிறார்கள். பொறுக்கியெடுத்தல் என்று பொருள். ஒவ்வொரு வரியிலும் எந்த நிற இழையை மேலே தூக்குவது, எதைக் கீழே விடுவது என்று விரலால் பொறுக்குகிறார்கள். கேட்டால் சொல்லத் தெரியாது, நெய்து காட்டத்தான் தெரியும். அங்கே குழந்தைகள் முதலில் நெய்வது ‘ஹகிமா’ என்ற நாடா. விரலகலம்தான் இருக்கும். அதில் ஒரு பூ, இரண்டு பூ என்று கை பழகிய பிறகு பெரிய துணிக்கு வருகிறார்கள். ஆறேழு வயதில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தொடங்கியவருக்கு இருபது வயதில் பல பூக்களின் கணக்கு மனப்பாடமாக இருக்கும்.

இப்போது பயிற்சி மையத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதப் பயிற்சி, சட்டத்தறி, ஊக்கத்தொகை, கடைசி நாள் சான்றிதழ். அதில் யாரும் நெசவு கற்றுக்கொள்வதில்லை என்று நான் சொல்லவில்லை. கற்றுக்கொள்கிறார்கள், ஆனால் வேறு ஒரு நெசவை. மிதித்தால் பாவு பிரியும் சட்டத்தறியில் துணி வேகமாகவும் அகலமாகவும் வரும். வருமானத்துக்கு அது நல்லது. ஆனால் இடுப்புத்தறியில் விரலால் இழை பொறுக்கி நெய்யும் கடினமான பூக்கள் பல அதற்கு இடம் மாறுவதில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து “நெசவாளர் எண்ணிக்கை கூடிவிட்டது” என்று அறிக்கை எழுதுவதில்தான் எனக்கு வருத்தம்.

இனி உடுத்துகிற விஷயத்துக்கு வருவோம்.

பெருவில் டிட்டிகாகா ஏரிக்கு நடுவே, சுமார் 3,800 மீட்டர் உயரத்தில், தகீலே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே ஆண்கள் குல்லாய் பின்னுகிறார்கள், பெண்கள் நெய்கிறார்கள், குழந்தைகளுக்கும் வேலை தெரியும். ஓர் ஆணின் குல்லாயைப் பார்த்தே அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடலாம். விதைப்பும் அறுவடையும் சடங்குகளும் மாத வரிசையில் வரும்படி நெய்த இடுப்புப் பட்டை ஒன்று உண்டு. ஆண்டுக் காலண்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ இந்த நெசவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. சுற்றுலாவும் அங்கே பெரிதாக வந்துவிட்டது, பயணிகளுக்காகப் புதுப்புது உருவங்கள் துணியில் ஏறிவிட்டன. ஆனாலும் அந்தக் குல்லாயைத் தகீலே ஆண் தன் தலையிலும் போட்டுக்கொள்கிறான். மோசமாகப் பின்னியிருந்தால் ஊர் சிரிக்கும். தரத்தைப் பார்த்துக்கொள்ள எந்தச் சான்றிதழ் வாரியத்தையும்விட இந்தச் சிரிப்பு பலமானது.

குவாத்தமாலாவின் மாயா பெண்கள் அணியும் ‘வீப்பில்’ மேலாடையும் அப்படித்தான். எந்த ஊர்க்காரி என்பதைத் துணியே சொல்லும். அங்கே இப்போது அதே பூவை இயந்திரத்தில் அச்சடித்து மிகக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள், அதை மாயா பெண்களே வாங்குகிறார்கள். கையால் நெய்ததற்குப் பல மடங்கு விலை கொடுக்க அவர்களால் முடியவில்லை. இன்னொரு பக்கம், பழைய வீப்பில்களை மொத்தமாக வாங்கி, வெட்டி, கைப்பையும் செருப்பும் தைத்துப் பயணிகளிடம் விற்கிறார்கள். பாட்டி மாதக்கணக்கில் நெய்த துணியின் தோள்பகுதி யாரோ ஒருவருடைய பையின் அடிப்பக்கமாகிவிடுகிறது. பழையதைத் தூக்கிப்போடாமல் பயன்படுத்துகிறோம் என்பது வியாபாரிகளின் வாதம். வாங்குகிறவர்களுக்கு அது கைவினைக்கு ஆதரவு போலத் தோன்றும். நெய்தவருக்கு அதில் என்ன போய்ச்சேர்ந்தது என்று கேட்டுப் பார்த்தால் தெரியும்.

உடுத்துவதைச் சட்டமாக்கினால்? பூட்டான் அதைச் செய்து பார்த்தது. 1989-ல் பொது இடங்களில் தேசிய உடை கட்டாயம் என்று ஆணை வந்தது. ஆண்களுக்கு ‘கோ’, பெண்களுக்கு ‘கீரா’. அலுவலகம், பள்ளி, மடாலயம் எங்கும் அந்த உடை என்பதால் துணிக்குத் தேவை நிலைத்தது. நெசவு அங்கே இன்றும் உயிரோடு இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் அதே ஆணை, வேறு உடைப் பழக்கம் கொண்டிருந்த தென்பகுதி நேபாளி மொழிக்காரர்கள் மீது திணிக்கப்பட்டுப் பெரும் கசப்பை உண்டாக்கியது. அதை மறைத்துவிட்டுப் பூட்டானை முன்மாதிரி என்று காட்டுவது நேர்மையாகாது. தேவை நிலைத்தவுடன் இன்னொன்றும் நடந்தது: கீராவின் பூக்களை நகலெடுத்த விசைத்தறித் துணி எல்லைக்கு இந்தப் பக்கம், இந்தியாவிலிருந்து போய்ச் சேர்ந்தது. குர்த்தோ பகுதியின் ‘கிஷுதரா’ போன்ற பட்டுக் கீராவை நெய்ய மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்கூட ஆகும். நகல் சில மணி நேரத்தில் வந்துவிடும். தினசரி உடுத்த நகல், விசேஷத்துக்குக் கைநெசவு என்று வீட்டுப் பெட்டிகளில் ஒரு பிரிவினை ஏற்பட்டுவிட்டது. என்னைக் கேட்டால் இது தோல்வியில்லை. ஆண்டுக்கு நான்கு விசேஷத்துக்கு உடுத்தினாலும், அதற்காகச் சேர்த்துவைத்து வாங்குகிற ஊர் இருந்தால் நெசவு நிற்காது.

உடுத்தும் பழக்கம் அடியோடு போன இடத்துக்கு உதாரணம் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகள். அங்கே படுக்கை விரிப்புகள் நெய்தார்கள். பருத்திப் பாவு, ஆட்டுமயிர் ஊடை. பூக்களின் கணக்கை நீளமான தாள் துண்டுகளில் கோடும் எண்ணுமாகக் குறித்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். நத்தைத் தடம், பூனைத் தடம் என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக்குள் ஆலைத்துணி வந்து தறிகள் பரணுக்குப் போய்விட்டன. 1890-களில் வட கரோலைனா மலைக்கு வந்த பிரான்சிஸ் குட்ரிச் என்ற கிறிஸ்தவ ஊழியருக்குப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் சுமார் 40 வருடப் பழைய விரிப்பு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். இரட்டை முடிச்சுப் பூ போட்ட, பழுப்பும் வெண்மையுமான விரிப்பு. அதை நெய்த முறை தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்து, நெய்யச் சொல்லி வெளியூரில் விற்கத் தொடங்கினார் குட்ரிச். 1908-ல் ஆஷ்வில் நகரில் கடை வைத்தார். 1913-ல் வெள்ளை மாளிகையின் ஓர் அறைக்கு அந்த மலைப் பெண்கள் நெய்த துணி போனது. 1930-ல் தெற்கு மலைநாட்டுக் கைவினைஞர் சங்கம் உருவானது, அடுத்த வருடம் கடையை அவர்களிடமே ஒப்படைத்தார்.

இது வெற்றிக் கதைதான். ஆனால் அந்த நெசவு பிழைத்தது வேறு ஒன்றாக மாறி. விரிப்பு வாங்கியது நகரத்துப் பணக்கார வீடு. எந்த நிறம் வேண்டும், எந்த அளவு வேண்டும் என்று அவர்கள்தான் சொன்னார்கள். பளிச்சென்ற சாயம் நெய்தவர்களுக்குப் பிடித்திருக்கலாம், வாங்குகிறவர்களுக்கு மங்கலான ‘பழைய’ நிறம்தான் பிடித்தது. மலைப் பெண்களுக்குக் காசு கிடைத்தது, பூக்கள் காப்பாற்றப்பட்டன. எது மரபு என்று தீர்மானிக்கும் உரிமை கைமாறிவிட்டது. தாளில் கணக்கு இருந்ததால்தான் அங்கே மீட்பு இவ்வளவு சுலபமாயிற்று என்பதையும் கவனிக்க வேண்டும். தாள் இல்லாத மரபில் ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தாலே பல பூக்கள் திரும்பி வராது.

தூய்மை பற்றிப் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல ஆசை. அந்த அப்பலாச்சியப் பாவின் பருத்திநூல் பல வீடுகளில் கடையில் வாங்கிய ஆலை நூல்தான். நம்முடைய இமாச்சலத்தின் குலு சால்வையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடையாளமான வண்ணப் பூக்கரை குலுவில் நூறு வருடப் பழக்கம்கூட இல்லை. முன்பு அங்கே பெரும்பாலும் பூவில்லாத கம்பளித்துணிதான் நெய்தார்கள். கின்னௌர்ப் பக்கத்துப் புஷஹர் நெசவாளர்கள் 1940-களின் தொடக்கத்தில் வந்துசேர்ந்த பிறகுதான் அந்தப் பூக்கள் குலு தறிகளில் ஏறின. 1944-ல் பன்னிரண்டு நெசவாளர்கள் சேர்ந்து ஆரம்பித்த பூட்டி கூட்டுறவுச் சங்கம்தான் பின்னாளில் ‘பூட்டிகோ’ என்ற பெயரில் வளர்ந்து அந்தச் சால்வையை நாடெங்கும் கொண்டுபோனது. ஆக, மாறுவது மரபின் இயல்புதான். யார் மாற்றுகிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

நூலைப் பற்றி. நெசவைக் காப்பாற்றுவதாகக் கிளம்புகிற பலர் தறியோடு நின்றுவிடுகிறார்கள். ஆட்டையும் செடியையும் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் தென்மேற்குப் பீடபூமியில் வாழும் நவஹோ மக்களின் கம்பளிக்குச் சுர்ரோ என்ற ஆட்டினம் ஆதாரம். அதன் மயிர் நீளமானது, எண்ணெய்ப் பசை குறைவு, கையால் நூற்க வசதி. 1930-களில் மேய்ச்சல் நிலம் கெடுகிறது என்று சொல்லி அரசாங்கம் மந்தைகளைப் பெருமளவு குறைத்தது. 1970-களில் அந்த ஆடு அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 1977-ல் லைல் மக்னீல் என்ற பேராசிரியர் ஒதுக்குப்புறமான இடங்களில் மிச்சமிருந்த ஆடுகளைத் தேடிப் பிடித்து, பெருக்கி, நவஹோ குடும்பங்களுக்குத் திரும்பக் கொடுக்கத் தொடங்கினார். நெசவைக் காப்பாற்ற ஓர் ஆட்டுக்கிடை வேண்டியிருந்தது.

ஜப்பானின் நீகாதா பனிநாட்டில் நெய்யும் எச்சிகோ ஜோஃபு துணி இதைவிடக் கறாரானது. ராமி என்ற நார்ச்செடியின் பட்டையை நகத்தால் கிழித்து, கையால் முறுக்கி இணைத்து நூலாக்குகிறார்கள். அந்த நூல் வறண்ட காற்றில் அறுந்துபோகும். பனிக்காலத்தின் ஈரப்பதம் இருந்தால்தான் நெய்ய முடியும். நெய்ததை வெயில் அடிக்கும் நாளில் பனிமேல் பத்திலிருந்து இருபது நாள் வரை விரித்து வெளுக்க வைக்கிறார்கள். 1955-லேயே ஜப்பான் அரசு இதை முக்கியமான மரபுச் சொத்தாக அறிவித்து, எந்தெந்தப் படி கையால் நடக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. அந்த நார் பெரும்பாலும் வருவது ஃபுகுஷிமாவின் ஷோவா என்ற மலைக்கிராமத்திலிருந்து. அங்கே செடி வளர்ப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டே போனதால், 1990-களில் ஊராட்சியே ஒரு திட்டம் ஆரம்பித்தது. வெளியூர் இளைஞர்கள் வந்து ஏறக்குறைய ஒரு வருடம் தங்கி, செடி நடுவதிலிருந்து நெய்வது வரை ஒரு முழுச் சுற்றையும் கற்றுக்கொள்ளலாம். வந்தவர்களில் சிலர் அங்கேயே குடியேறிவிட்டார்கள். மூன்று மாதச் சான்றிதழோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வருடம் என்பது செடியின் கணக்கு. நிதி கொடுப்பவரின் வசதிக்கு ஏற்ற கணக்கில்லை.

அதற்காக எல்லோரும் நாரைக் கிழித்துத்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நாகாலாந்தில் இன்று நெய்யும் சால்வைகளில் பெரும்பகுதி அக்ரிலிக் நூல்தான். விலை குறைவு, நிறம் போகாது, துவைக்கச் சுலபம். வெளியூர் ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் அந்தத் தறிகளை ஓட வைத்ததே இந்த நூல்தான். அதோடு பக்கத்திலேயே, ஃபேக் மாவட்டத்தில் 2008-லிருந்து நடக்கும் சிசாமி வீவ்ஸ் போன்ற பெண்கள் குழுக்கள் பருத்தி நூலையும் இயற்கைச் சாயத்தையும் வைத்து வெளிச் சந்தைக்கு நெய்கின்றன. காட்டுக் காஞ்சொறிச் செடியின் நாரை நெய்யும் பழைய முறையைச் சில கிராமங்கள் இன்னும் விடவில்லை. மூன்றும் ஒரே மலையில் சேர்ந்து இருக்கலாம். ஊருக்கு உடுத்த அக்ரிலிக், சந்தைக்குப் பருத்தி என்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இப்போது காசு. இதுதான் எல்லாரும் முதலில் பேசுவது, நான் கடைசியில் வைத்திருக்கிறேன். ஒரு துணியின் விலையிலிருந்து நூலுக்கும் சாயத்துக்கும் ஆன செலவைக் கழியுங்கள். மிச்சத்தை நெய்த நாட்களால் வகுத்துப் பாருங்கள். வருவது அதே ஊரில் ஒருநாள் கூலிவேலைக்குக் கிடைப்பதைவிடக் குறைவென்றால், நெய்கிறவரின் மகள் தறியில் உட்காரமாட்டாள். உட்காரச் சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. அம்மா மட்டும் ஏன் நெய்கிறார்? சமையலுக்கும் மாட்டுக்கும் பேரப்பிள்ளைக்கும் நடுவே கிடைக்கும் துண்டு நேரத்தில் நெய்கிறார், அதற்கு அவர் கூலி போட்டுப் பார்ப்பதில்லை. இந்த இலவச நேரத்தை நம்பித்தான் பல கைவினைக் கடைகளின் விலைப்பட்டியல் நிற்கிறது.

சந்தை இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்கிறது. வெளியூர்க்காரருக்கு எளிய பூவுக்கும் கடினமான பூவுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் அவருக்கு அழகாகவே இருக்கும். ஒன்று இரண்டு நாள் வேலை, மற்றது இருபது நாள் வேலை, விலையோ ஏறக்குறைய ஒன்று. அப்படியிருக்க யார் கடினமானதை நெய்வார்கள்? பத்து வருடத்தில் தறிகளின் எண்ணிக்கை கூடியிருக்கும், விற்பனை கூடியிருக்கும், மேசைவிரிப்பும் தலையணை உறையும் குவிந்திருக்கும், பாட்டிக்குத் தெரிந்த நாற்பது பூக்களில் ஐந்துதான் மிஞ்சியிருக்கும். நெசவு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று எல்லாரும் நினைக்கும்போதே இது நடக்கும்.

இதற்கு எதிராக ஒருவர் செய்து காட்டியதைச் சொல்ல வேண்டும். பெருவின் சின்செரோ ஊரில் பிறந்த நெசவுக்காரி நில்டா கயாஞாவ்பா, ஊர்ப் பெண்களோடு சேர்ந்து 1996-ல் குஸ்கோ மரபு நெசவு மையத்தை அமைத்தார். சுற்றியுள்ள பத்துச் சமூகங்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வோர் ஊரும் அந்தந்த ஊரின் பூவையே நெய்ய வேண்டும், எது நன்றாக விற்கிறது என்று பார்த்து எல்லாரும் ஒன்றையே நெய்யக்கூடாது என்பதில் அவர்கள் கவனமாக இருக்கிறார்கள். துணியோடு நெய்தவரின் பெயரும் போகிறது. சிறுவர் குழுக்கள் தனியாக உண்டு. முதலில் சொன்ன அந்த ஹகிமா நாடாவில்தான் தொடங்குகிறார்கள். கள்ளிச்செடிப் பூச்சியிலிருந்து சிவப்பு, உள்ளூர்ச் செடிகளிலிருந்து பச்சையும் மஞ்சளும் என்று கைவிட்டுப் போயிருந்த சாயங்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு மீட்டார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர் இதைச் செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எது கடினமான பூ என்பது கயாஞாவ்பாவுக்கு விரலிலேயே தெரியும்.

சட்டப் பாதுகாப்பு? வேண்டும், ஆனால் அதிகம் நம்பவேண்டாம். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். குலு சால்வைக்கும் கின்னௌர் சால்வைக்கும் நாகாலாந்தின் சாக்கேசாங் சால்வைக்கும் அது இருக்கிறது. அதே பூவை விசைத்தறியில் நெய்து வேறு பெயரில் விற்பவரை அது அவ்வளவாகத் தொடாது. 1985-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் ஒன்று, சால்வையும் மஃப்ளரும் உட்படச் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியிருக்கிறது; கடைத்தெருவில் ஒரு சுற்று வந்தால் அதன் பலம் எவ்வளவு என்று புரியும். உறுதியான சட்டத்துக்கு உதாரணம் தேடினால் மலையை விட்டு ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குப் போகவேண்டும். ஹாரிஸ் ட்வீட் துணியை அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்திருக்க வேண்டும், நூலும் சாயமும் அங்கேயே ஆனவையாக இருக்க வேண்டும் என்று 1993-ல் தனிச் சட்டமே போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தறியை அவர்கள் ஓட்டுவது சைக்கிளைப் போல மிதித்து. மின்சாரம் கூடாது, கால் ஓட்டினால் அது கைநெசவு. கோட்டை எங்கே போடுவது என்று அவர்களே உட்கார்ந்து முடிவு செய்துகொண்டார்கள்.

குவாத்தமாலாவின் மாயா நெசவுப் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எங்கள் பூக்கள் தனி ஒருவரின் படைப்பில்லை, ஊரின் பொதுச் சொத்து, அதைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று 2016-ல் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். மறு வருடம் நீதிமன்றம், இதற்குச் சட்டம் இயற்றுங்கள் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. ஆவோ நாகர்களின் வீரர் சால்வையை நினைத்தால் இந்த வாதத்தின் அர்த்தம் புரியும். நடுவில் வெள்ளைப் பட்டையில் மிதுன் மாடும் யானையும் புலியும் தீட்டிய அந்தச் சால்வையை ஒரு காலத்தில் நினைத்தவர் எல்லாம் போர்த்த முடியாது. போரிலோ விருந்துச் சடங்கிலோ தகுதி பெற்றவருக்குத்தான் அது. இன்று நினைவுப்பொருள் கடையில் யாரும் வாங்கலாம். உலகத்துக்கு அது டிசைன். ஊருக்கு அது ஒரு மனிதன் செய்த காரியத்தின் பதிவு.

சரி, இவ்வளவும் படித்துவிட்டு “நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்பவருக்கு. துணி வாங்குகிறவராக இருந்தால், விற்பவரிடம் இதை நெய்ய எத்தனை நாள் ஆயிற்று, யார் நெய்தது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள், கடினமான பூவாகப் பார்த்து வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். வெட்டித் தைத்த பழந்துணியைத் தவிர்த்துவிடுங்கள்.

அந்த ஊரிலேயே பிறந்தவராக இருந்தால் உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது, அதை வேறு யாராலும் செய்ய முடியாது. ஊரில் நன்றாக நெய்யத் தெரிந்த மூத்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு நியாயமான நாள்கூலி கொடுத்து, தெரிந்த பூக்களை எல்லாம் ஒவ்வொன்றாக, ஒரு சாண் அளவுக்கு மாதிரித் துண்டாக நெய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணோ பையனோ உட்கார்ந்திருக்கட்டும். ஒவ்வொரு பூவின் பெயரையும், அதை யார் எப்போது உடுத்தலாம் என்பதையும் அவர் சொல்லச் சொல்ல, ஊர்ப் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கைகளை மட்டும் கிட்டத்தில் வைத்து வீடியோ எடுங்கள். முகத்தை எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாதிரிகள் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டாம், ஊரிலேயே ஒரு பெட்டியில் இருக்கட்டும். முக்கியமாக, எந்தத் துண்டையும் முழுசாக நெய்து முடிக்க விடாதீர்கள். கடைசி நான்கு விரல் பாவை நெய்யாமல், விழுதும் கம்புகளும் இருந்தபடியே, சுருட்டிக் கட்டி வையுங்கள். பூ எப்படி இருக்கும் என்று நெய்த பகுதி காட்டும். அடுத்த வரியில் எந்த இழையைத் தூக்க வேண்டும் என்பது அந்த விழுதுகளில் இருக்கும்.